அவள் சிரித்தாள் அல்லவா?

தோட்டத்துப் பஞ்சாயத்துகளில் ஒரு கேள்வி நெடுநாளாகக் கேட்கப்பட்டு வந்தது. தனக்கு மேலான அதிகாரமுடைய ஒருவர் தகாத சொல் சொன்னார் என்று ஒரு பெண் முறையிடுவாள். சொன்னவர் கிராணியாக இருப்பார்; மண்டோராக இருப்பார்; கோயில் தலைவராகவும் இருக்கக்கூடும். முறையீடு முடிந்ததும், கூடியிருப்போருள் மூத்தவர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்பார்: "சரி ஆத்தா, அவர் அப்படிச் சொன்னப்போ நீ என்ன செஞ்சே? சிரிச்சே இல்லே?" அவள் தலை கவிழ்வாள். சிரித்தது உண்மை. அத்துடன் வழக்கு முடிந்துவிடும்.

கெடாவின் இரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்து மறைந்துவிட்டன. நம்மவரிற் பலர் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் அலோர் ஸ்டாருக்கும் குடிபெயர்ந்துவிட்டனர். இலயங்கள் போயின, மரத்தடிப் பஞ்சாயத்துகளும் போயின. ஆனால் அக்கேள்வி மட்டும் போகவில்லை. தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் கட்சிக் கிளையிலும் அது கேட்கப்படுகிறது. முறையிட்ட பெண்ணின் சொந்த வீட்டுக் கூடத்திலேயே, அவளைப் பெற்றவர் வாயினின்றே, அது பிறக்கிறது.

இலக்கியம் பேச வேண்டிய பகுதியில் இந்த வழக்காடலுக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். ஒரு நூலைப் படிப்பது போன்றே ஒரு முகத்தைப் படிப்பதும் வாசிப்புதான். அப்பெண்ணின் சிரிப்பைச் சம்மதம் என்று படித்தவர்கள் பிழையாகப் படித்தார்கள். அப்பிழையை அவர்கள் தாமே கண்டுபிடிக்கவில்லை. கதைகளும் கூத்துகளும் சினிமாக்களும் பிரசங்கங்களும் தலைமுறை தலைமுறையாகப் புகட்டிய பாடம் அது. ஆகையால் அப்பாடத்தைத் திருத்தும் கடமை இலக்கியத் திறனாய்வுக்கும் உண்டு.

எரியும் பெண்ணும் அழும் பெண்ணும்

அதிகாரத்தின் முன் நிற்கும் பெண்ணாக நம் இலக்கியம் நமக்கு இருவரையே பெரிதும் காட்டியிருக்கிறது. ஒருத்தி எரிபவள், மற்றவள் அழுபவள்.

எரிபவளுக்குத் தலைமை பூண்டவள் கண்ணகி. பாண்டியன் அவையில் அவள் நின்ற காட்சியை அறியாத தமிழரில்லை. மன்னன் என்றும் பாராது அவள் நீதி கேட்டாள், மன்னன் மாண்டான், மதுரை எரிந்தது. "நல்ல பெண்ணாயிருந்தால் இப்படியல்லவா பொங்கியெழ வேண்டும்!" என்னும் எண்ணம் அக்காட்சியைக் கேட்டவர் நெஞ்சில் பதிந்தது. பிற்காலத்துச் சினிமாவும் அவ்வெண்ணத்தையே வளர்த்தது. கெட்டவன் ஒரு சொல் சொல்வான், கதாநாயகி உடனே கன்னத்தில் அறைவாள், கொட்டகை கைதட்டும். அறையாதவள் எப்படிப்பட்டவள் என்று கொட்டகையில் இருந்தவர்கள் தாமாகவே முடிவு செய்துகொண்டு வீடு திரும்புவார்கள்.

ஆனால் சிலம்பைச் சற்று நிதானமாகப் படித்துப் பார்ப்போம். கண்ணகி அவ்வாறு பேச இயன்றது எதனால்? கணவன் கொலையுண்டான், பிறந்த ஊர் பின்னே தங்கிவிட்டது, மன்னன் பறிப்பதற்கு அவளிடம் மிச்சமொன்றும் இல்லை. இது முதலாவது. அவள் கையில் மற்றொரு சிலம்பு இருந்தது. அதை உடைத்தால் முத்தா மாணிக்கமா என்பது வெளிப்பட்டுவிடும். இது இரண்டாவது. வாயிலோன் அவளை உள்ளே விட்டான். மன்னன் அவள் சொல்லைக் கேட்டான். தன் பிழையைக் கண்டதும் அதைத் தாங்காமல் உயிர் நீத்தான். இது மூன்றாவது. இழக்க ஒன்றுமில்லாமை, கையிலே சான்று, கேட்கும் செவி ஆகிய இம்மூன்றும் கண்ணகியின் சினத்துக்கு அடிநிலமாக இருந்தன. பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியோடு நின்ற நம் பெண்ணுக்கோ இம்மூன்றில் ஒன்றும் கிடையாது. அவளுக்கு இழக்க வேண்டியவை பல இருந்தன. கிராணி சொன்ன சொல் காற்றோடு போயிற்று. உடைத்துக் காட்ட அச்சொல்லுக்குச் சிலம்பு ஏது? கேட்க வேண்டிய செவியோ, சொன்னவனுடைய நண்பனின் செவியாகவே இருந்தது.

இனி, அழுபவளைப் பார்ப்போம். கடல் கடந்து உழைக்கப்போன தமிழ்ப் பெண்ணின் துயரத்தை முதலில் உரத்துச் சொன்னவர்களுள் பாரதியார் ஒருவர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் படும் பாட்டை எண்ணி அவர் பாடிய பாட்டு நம் தோட்டங்களிலும் பாடப்பட்டது. அவருக்குப் பின் புதுமைப்பித்தன், 1935 இல் "துன்பக்கேணி" என்னும் நெடுங்கதையை எழுதினார். மருதி என்னும் ஏழைப் பெண் ஊரில் பிழைக்க வழியின்றி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அங்கே அதிகாரமுடையவரின் இச்சைக்கு இரையாகிறாள். நோயும் அவமானமும் அவளைத் தொடருகின்றன. தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குள் நடந்தவற்றைத் தமிழுலகம் கண்ணால் பார்க்கும்படி செய்த கதை அது. அதற்காகப் புதுமைப்பித்தனுக்கு நாம் என்றும் நன்றி பாராட்டுவோம்.

எனினும், இவ்வகை எழுத்து வாசகர் நெஞ்சில் எழுப்புவது இரக்கம். இரக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. முற்றும் கெடுக்கப்பட்டவள் மீதே அது பாயும். கெடுக்கப்படாமல், ஒவ்வொரு நாளும் ஒரு சொல்லைச் சமாளித்து, ஒரு சிரிப்பைச் சிரித்து, கூலியை வாங்கிக்கொண்டு பிள்ளைகளிடம் திரும்பிய பெண் மீது இரக்கம் பாய்வதில்லை. அவள் எரியவுமில்லை, அழவுமில்லை. மறுநாள் இருட்டோடு எழுந்து மீண்டும் பெரட்டில் வந்து நின்றாள். நம் தோட்டங்களில் மிகுதியாக இருந்தவள் அவளே. நம் இலக்கியத்தில் மிகக் குறைவாகக் காணப்படுபவளும் அவளே.

வான்மீகியார் கண்ட கணம்

அவளை ஒரு பழைய கவி ஒரு கணம் கண்டிருக்கிறார். அவர் வான்மீகியார். இராமாயணத்தைப் பற்றி நம் சீர்திருத்தக்காரர்க்குப் பல தடைகள் உண்டு என்பதை அறிவோம். இராவணனைத் தமிழ் வீரனென்று போற்றுவாரும் நம்முள் உளர். அவ்வழக்கு வேறு, அதில் இங்கே நாம் புகவில்லை. நாம் எடுத்துக்கொள்வது ஆரணிய காண்டத்தின் ஒரு காட்சியை மட்டுமே.

சீதை குடிலில் தனித்திருக்கிறாள். துறவி வேடத்தில் இராவணன் வருகிறான். வந்தவன் வேதம் ஓதுகிறான். உடனே அவளுடைய பல்லையும் கண்ணையும் மார்பையும் தொடையையும் புகழ்ந்து பேசத் தொடங்குகிறான். துறவிக் கோலத்தில் இருப்பவன் சொல்லத்தகாத சொற்கள் அவை, சீதையும் சிறுபிள்ளையல்லள். ஆயினும் அவள் சினக்கவில்லை. இருக்கை தருகிறாள்; கால் கழுவ நீர் தருகிறாள்; உணவு உண்ண அழைக்கிறாள்; கேட்டதற்கெல்லாம் விடை சொல்லித் தன் வரலாற்றையும் கூறுகிறாள். அவள் கண்களோ, வேட்டைக்குப் போன கணவன் வரும் வழியையே தேடுகின்றன. ஏன் இந்த உபசாரம்? காரணத்தையும் வான்மீகியார் மறைக்கவில்லை. வந்தவன் அந்தணன், விருந்தினன். மறுமொழி சொல்லாவிட்டால் தன்னைச் சபித்துவிடுவான் என்று அவள் எண்ணியதாக அவர் சொல்கிறார்.

இவ்வொரு குறிப்பில் முழு உண்மையும் அடங்கியிருக்கிறது. அவளுடைய இன்சொல், வந்தவனுடைய அதிகாரத்தைக் கணக்கிட்டுப் பிறந்தது. அந்தணனுக்குச் சாபம் இருந்தது. கிராணிக்குச் செக்ரோல் இருந்தது. அதே சீதை, அவன் தன் பெயரைச் சொல்லித் தன் எண்ணத்தையும் வெளிப்படுத்தியபின், நரிக்கும் சிங்கத்துக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லி அவனைச் சாடுகிறாள். சில நொடிகளுக்கு முன் நீர் கொடுத்த கைதான், ஆள் மாறவில்லை.

பின்வந்த கதைசொல்லிகள் இக்காட்சியை என்ன செய்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இலக்குவன் ஒரு கோடு கிழித்தான், சீதை அதைத் தாண்டினாள், ஆகையால் துன்பம் வந்தது என்று ஒரு கதை வீடுதோறும் சொல்லப்படுகிறது. வான்மீகியார் நூலிலே அக்கோடு இல்லை. கம்பர் நூலிலும் இல்லை. அவள் எண்ணத்தைச் சொன்ன கவியின் சொல் மறைந்தது. அவள் தாண்டியதாகப் பிறர் கிழித்த கோடு நிலைத்தது. "சிரித்தாய் அல்லவா?" என்று கேட்கும் பெரியவரும் அந்தக் கோட்டைத்தான் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்.

மிதிவண்டியிலிருந்து இறங்கியவர்கள்

இனி, நம் ஆடவரை நோக்கி ஒரு வரலாற்றைக் கூற விரும்புகிறோம்.

1941 ஆம் ஆண்டு சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். தமிழ்ப் பத்திரிகையாளராக இருந்த ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். மே மாதத்தில் அரசு அவரைக் கைது செய்து பின்னர் நாடு கடத்திற்று, படை வந்தது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். அப்போராட்டத்தில் வைக்கப்பட்ட கோரிக்கைகளை நாம் ஓர் இலக்கியம் போலப் படிக்க வேண்டும். சீனத் தொழிலாளருக்கு ஒப்பான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியன அவற்றுள் இருந்தன. அவற்றோடு வேறிரண்டும் இருந்தன. வெள்ளைத் துரைமாரும் அவர்களைப் போல் நடந்துகொண்ட கறுப்புத் துரைமாரும் தொழிலாளப் பெண்களிடம் தகாத முறையில் நடப்பது ஒழிய வேண்டும் என்பது ஒன்று. துரையையோ உத்தியோகஸ்தரையோ கண்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விரண்டும் ஒரே பட்டியலில் நின்றது தற்செயல் அன்று. மிதிவண்டியில் வரும் ஆண், எதிரே கிராணியைக் கண்டதும் இறங்கினான். தோளில் கிடந்த துண்டை எடுத்தான். முகத்தில் ஒரு சிரிப்பை வருவித்துக்கொண்டு "சலாங்க ஐயா" என்றான். அவர் கடந்து போனபின் மறுபடி ஏறிக்கொண்டான். அவன் இறங்கியது மரியாதையினாலா? அவன் சிரித்தது மகிழ்ச்சியினாலா? "நீதான் சிரித்தாயே, ஆகையால் இறங்குவது உனக்குப் பிடித்திருந்தது" என்று இன்று அவன் பேரனிடம் யாரேனும் சொல்லிப் பார்க்கட்டும்! பேரன் என்ன மறுமொழி சொல்வான்? "என் தாத்தாவின் வீடு அவர்கள் கையில்; கூலி அவர்கள் கையில்; இறங்காவிட்டால் மறுநாள் பெயர் விழாது" என்று சீறுவான். அது முற்றும் சரி.

ஆனால் அதே இலயத்தில், அதே கிராணியின் முன், அதே காரணத்தால் அவன் பாட்டி சிரித்த சிரிப்புக்கு நாம் என்ன பொருள் கொண்டோம்? ஆணின் பணிவை அடிமைத்தனத்தின் அடையாளமென்று படித்தோம். பெண்ணின் பணிவை அவள் குணத்தின் அடையாளமென்று படித்தோம். ஆண் இறங்கியதற்கு ஆட்சியைக் குற்றஞ்சொன்னோம். பெண் சிரித்ததற்கு அவளையே குற்றஞ்சொன்னோம். ஒரே எழுத்தை இரண்டு விதமாக ஓதும் இந்த வாசிப்பையே நாம் கண்டிக்கிறோம்.

பாட்டியின் கணக்கோ தாத்தாவின் கணக்கினும் கடினமானது. 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசாகவும் பெண்ணுக்கு 40 காசாகவும் இருந்தது. அந்த 40 காசும் முழுதாக வருமா, அரைப்பேராகப் போகுமா என்பது கிராணியின் எழுதுகோலில் இருந்தது. எந்த நிரை கிடைக்கும், மேட்டு மரமா பள்ளத்து மரமா, ஊருக்கு அருகிலா காட்டோரத்திலா என்பது மண்டோரின் வாயில் இருந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. ஏனெனில் வீடு தோட்டத்துடையது. இவையெல்லாம் ஆணுக்கும் உண்டு. பெண்ணுக்கு மேலும் ஒன்றுண்டு. அவள் கடுஞ்சொல் சொல்லிச் செய்தி வெளிப்பட்டால், முதலில் அடிப்பவன் கிராணியாக இருக்கமாட்டான். அவள் கணவனாகவோ அண்ணனாகவோ இருப்பான். அவன் கிராணியை அடிக்கப் போனாலோ, குடும்பம் முழுவதும் தெருவில் நிற்கும். இத்தனையையும் ஒரு நொடியில் கணக்கிட்டு, அவள் சிரித்தாள்.

"அண்ணே" என்னும் வேலி

அவள் வெறுமனே சிரிக்கவில்லை என்பதையும் காது கொடுத்துக் கேட்பவர் அறிவர். "போங்க அண்ணே, உங்களுக்கு எப்பவும் கேலிதான்" என்பாள். "அக்கா நல்லாருக்காங்களா?" என்று அவர் மனைவியை நலம் விசாரிப்பாள். வயதில் மூத்தவராயிருந்தால் "ஐயா, நான் உங்க மக மாதிரி" என்பாள். இவை பணிவுச் சொற்கள் என்று மேலோட்டமாகப் படிப்பவர் சொல்வர். உற்றுப் பாருங்கள். அவன் அவளைப் பெண்ணாகப் பார்த்தான்; அவள் அவனை அண்ணனாக்கினாள். அவன் தனிமையில் பேச முயன்றான். அவள் அவன் மனைவியை அங்கே கொண்டுவந்து நிறுத்தினாள். சண்டையின்றி, சாட்சியின்றி, அவனுக்கு முகமிழப்பு நேராதவாறு, "இதற்கு மேல் வராதே" என்று சொல்லி முடித்தாள். முறைப்பெயரால் கட்டிய வேலி அது. கையில் கிடைத்த கம்பைக் கொண்டு கட்டியது.

இந்நுட்பம் நம் மொழியின் செல்வம், மறுப்பதற்கில்லை. ஆனால் வேலி மாட்டைத் தடுக்கும். வேலியை முறிக்கத் துணிந்த மாட்டைத் தடுக்காது. அன்றியும், முறைப்பெயர் இருபுறமும் கூருடையது. மேலே நிற்பவனும் அதை எடுத்துக்கொள்ளலாம். 2018 ஏப்ரலில் சென்னை ராஜ்பவனில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். தமிழ்நாட்டு ஆளுநராக இருந்த பன்வாரிலால் புரோகித், பத்திரிகையாளர் கூட்டத்தின் முடிவில் கேள்வி கேட்ட ஒரு பெண் பத்திரிகையாளரின் கன்னத்தைத் தட்டினார். அப்பெண் அதைப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதியபின் மன்னிப்புக் கேட்டார். பேத்தி போலக் கருதிப் பாராட்டும் முறையில் தட்டியதாக விளக்கம் எழுதினார். அவர் உள்ளத்தை நாம் அளக்கப் போவதில்லை. பேத்தி என்னும் முறையை அப்பெண் கேட்கவில்லை, அது அவளுக்குச் சூட்டப்பட்டது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. கீழே நிற்பவள் "அண்ணே" என்றால் அது வேலி. மேலே நிற்பவன் "பேத்தி" என்றால் அது வேலியைத் திறக்கும் சாவி. அப்பெண் உடனே எழுதித் தெரிவிக்க முடிந்தது. ஏனெனில் அவளுக்குப் பின்னே பத்திரிகை இருந்தது, உடன் தொழில் செய்வோர் இருந்தனர். நம் தொழிற்சாலைப் பெண்ணுக்குப் பின்னே இருப்பவர் யார்?

இயல்பு என்பார்க்கு விடை

"பெண்களுக்கு இயல்பாகவே நாணமும் மென்மையும் உண்டு, அதனால்தான் இன்முகம் காட்டுகிறார்கள்" என்று சொல்வோர் உளர். இயல்பென்றால் நிலை மாறியபோதும் அது மாறாதிருக்க வேண்டும். 1943 இல் சிங்கப்பூரில், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில், டாக்டர் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். நேற்றுவரை "ஐயா, ஐயா" என்று வாளி சுமந்து நின்றவர்கள், சில மாதங்களில் காற்சட்டை அணிந்து துப்பாக்கி பிடித்து அணிவகுத்தனர். அவர்கள் இயல்பு மாறிவிட்டதா? இல்லை. அவர்களுக்குப் பின்னே வந்து நின்றவர்களின் தொகை மாறியது. கூட்டமும் சீருடையும் ஓர் இலட்சியமும் கிடைத்தவுடன், சிரிக்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று.

தோட்டத்துக்குள்ளேயும் இதற்குச் சான்றுண்டு. கிராணியையே "என்னய்யா பார்வை? கணக்கைப் பாரு!" என்று அதட்டிய கிழவிகளை நம்முள் மூத்தோர் அறிவர். அவர்களுக்கு மட்டும் எப்படித் துணிவு வந்தது? பெரும்பாலும் அவர்கள் வயது முதிர்ந்தவர்கள், மூன்று இலயத்தில் உறவுடையவர்கள், பிள்ளைகள் தலையெடுத்தவர்கள். அவர்களும் தம் இருபதாம் வயதில் சிரித்தவர்களே. இளையவளைப் பார்த்து "எனக்கு வாய் இருந்தது, உனக்கில்லையா?" என்று கேட்கும் முன் அவர்கள் தம் பழைய நாளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு தடையையும் நேர்மையாக எதிர்கொள்வோம். "எல்லாச் சிரிப்பும் அச்சச் சிரிப்பா? மனமொத்துப் பேசிப் பழகும் ஆண்பெண் இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு, மறுப்பார் யார்? வேறுபாட்டை அறிய ஓர் எளிய அளவுகோல் போதும். அவள் முகஞ்சுளித்திருந்தால் என்ன இழந்திருப்பாள் என்று கேளுங்கள். ஒன்றும் இழந்திருக்கமாட்டாள் என்றால், அவள் சிரிப்பு அவளுடையது. கூலியோ வேலையோ பெயரோ போயிருக்கும் என்றால், அந்தச் சிரிப்பைச் சான்றாகக் காட்ட எவனுக்கும் உரிமையில்லை. சுளிக்க உரிமையில்லாத முகத்தின் சிரிப்பு எதையும் மெய்ப்பிக்காது.

நம்மை நாமே கேட்க வேண்டியது

சீர்திருத்தம் பேசும் நாமும் இங்கே குற்றவாளிக் கூண்டில் சிறிது நேரம் நிற்பது நல்லது. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கினார். நீரிணைக்கு அப்பால் இருந்த கெடாத் தமிழர்க்கும் சுயமரியாதை என்னும் சொல் அவ்வாண்டுகளில் எட்டிற்று. 1946, 1947 ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை எழுந்தது, கள்ளை எதிர்த்தது, தோட்டத்தில் ஒழுங்கையும் தன்மானத்தையும் வளர்த்தது, ஹார்வர்ட் தோட்டத் தொழிலாளர் காவல் துறையினரை எதிர்கொள்ள நேர்ந்தது. இவை நம் பெருமைகள். ஆனால் சுயமரியாதை என்று நாம் சொன்னபோது, பெரும்பாலும் நம் கண்முன் நின்றது துண்டை இடுப்பில் கட்டாத ஆண்மகன். பெண்ணின் சுயமரியாதையை அவள் கற்பென்று மொழிபெயர்த்துவிட்டோம். கற்பு என்னும் சொல்லைப் பெரியாரே பிளந்து காட்டியபின்னும், பஞ்சாயத்தில் அமர்ந்தவுடன் பழைய அகராதியைக் கையில் எடுத்தோம்.

இப்போது சட்டம் நம்மினும் முன்னே நடந்துவிட்டது. 2012 இல் மலேசியாவின் வேலைவாய்ப்புச் சட்டம் திருத்தப்பட்டு, பாலியல் தொல்லை பற்றிய முறையீட்டை முதலாளி விசாரித்தாக வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2016 இல் நாட்டின் கூட்டரசு நீதிமன்றம், பாலியல் தொல்லைக்காக நேரே வழக்குத் தொடுத்து இழப்பீடு பெறலாம் என்று தீர்ப்பளித்தது. மேலதிகாரி ஒருவர் தம் கீழ் வேலை செய்த பெண்ணிடம் பேசிய ஆபாசச் சொற்களே அவ்வழக்கின் பொருள். ஆகவே, "வெறும் பேச்சுத்தானே" என்று தள்ளுவதற்கு இனி இடமில்லை. 2022 இல் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் நிறைவேறியது; அதன்படி அமைந்த தீர்ப்பாயம் 2024 இல் முறையீடுகளை ஏற்கத் தொடங்கிற்று.

சட்டம் வந்தது நன்று. ஆனால் தீர்ப்பாயத்தின் படியை ஒரு பெண் மிதிப்பதற்கு முன், அவள் தன் வீட்டு வாசற்படியைத் தாண்ட வேண்டும். அங்கே அவள் தகப்பனார் நிற்கிறார், "நீ ஏம்மா அவர்கிட்டே சிரிச்சுப் பேசினே?" என்கிறார். அக்கேள்வியைக் கேட்டவுடன் அவள் திரும்பி அறைக்குள் போய்விடுகிறாள். எந்தச் சட்டமும் அவளை அங்கிருந்து கையைப் பிடித்து அழைத்து வருவதில்லை.

ஆகவே எழுதுவோரிடம் ஒன்று வேண்டுகிறோம். எரியும் பெண்ணையும் அழும் பெண்ணையும் வேண்டிய மட்டும் படைத்துவிட்டீர்கள். கூலிம் தொழிற்சாலையில் மிகைநேர வேலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பல்லிளிக்கும் மேற்பார்வையாளனிடம், "சரிங்க பாஸ்" என்று சொல்லிவிட்டு, பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து வீடு திரும்பும் பெண்ணை எழுதுங்கள். கோயில் திருப்பணிக்கு நன்கொடை தந்த டத்தோ மேடையில் தோளைத் தொட்டுப் பேசும்போது, கையிலிருக்கும் மாலையைச் சற்று உயர்த்திப் பிடித்து இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் இளம்பெண்ணை எழுதுங்கள். வான்மீகியார் செய்தது போல, அவள் என்ன நினைத்தாள் என்பதை ஒரு வரியாவது எழுதுங்கள். அவ்வரியைப் படித்தவர் பஞ்சாயத்தில் அமர்ந்தால் வேறு விதமாகக் கேட்பர்.

வாசகரிடமும் ஒன்று வேண்டுகிறோம். உங்கள் மகளோ தங்கையோ உடன் வேலை செய்பவளோ இப்படியொரு செய்தியோடு வரும்போது, "நீ சிரித்தாயா?" என்று கேட்காதீர்கள். "அவன் உனக்கு மேலே என்னென்ன அதிகாரம் வைத்திருக்கிறான்?" என்று கேளுங்கள். "இதைக் கேட்டவர் வேறு யார்? உன்னோடு நாங்கள் யார் யார் வந்து நிற்க வேண்டும்?" என்று கேளுங்கள். கிள்ளான் தொழிலாளர் 1941 இல் அக்கோரிக்கையை எழுதி வைத்தபோது எந்தப் பெண்ணும் தனியே நின்று அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மிதிவண்டிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கூலிக்கும் பக்கத்தில், அது எல்லாருடைய வழக்காகவும் நின்றது. அவ்வாறு எல்லாருடைய வழக்காக ஆக்கப்படும் இடத்தில், சிரிக்க வேண்டாத பெண்களை நாம் காண்போம். அதுவரை அவர்கள் சிரிப்பைப் பழிக்கும் தகுதி நமக்கில்லை.